சரிவுப் பலகை

சபாவின் வாசலுக்கு வந்ததும் கோவிந்தராஜுலு முதலில் தேடியது பலகைகளைத்தான். மத்தியானமே அவருடைய இரும்பு வார்ப்புப் பவுண்டரி ஆட்கள் கைவண்டியில் கொண்டுவந்து மதிலோரம் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது மதிலோரம் வெறுமையாக இருந்தது. இரண்டு பலகைகளும் வேப்பமரத்தடியில் செங்கல் மேல் கிடந்தன. அவற்றின் மேல் ராமநவமிப் பானக அண்டாவும் நீர்மோர் அண்டாவும் ஏறி உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் ஜனங்கள் தம்ளரும் கையுமாக நின்றார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்த அவர் மனைவி ராமாமணியும் அதைப் பார்த்துவிட்டாள். "நம்ம பலகை பானகம் குடிக்குதுங்க," என்று சிரித்தாள். ஆனால் அவள் கை, மடியில் கிடந்த முந்தானை நுனியைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.

விஷக்காய்ச்சல் ஒன்றில் அவளுக்குக் கால்கள் ஓய்ந்துபோன பிறகு, சைக்கிள் சக்கரங்களை வைத்து அவர் பவுண்டரியிலேயே செய்த நாற்காலி அது. தெருவில் அவளே உருட்டிக்கொண்டு போவாள். படிகள் வந்தால்தான் வம்பு. போன ராமநவமிக்கு அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சபாவுக்குள் போனார். கச்சேரி முழுக்க ஆண்கள் பக்கம் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த அவருக்கு, பெண்கள் பக்கத்து ஜமுக்காளத்தில் பேசிக்கொண்டது எதுவும் தெரியாது. "பாவம் அந்த மனுசன், தூக்கித் தூக்கியே இடுப்பு ஒடஞ்சுபோகும்" என்று யாரோ சொன்னதுதான் அன்றைக்கு அவள் கேட்ட கச்சேரி. அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் அவள் வரவில்லை. ரேடியோவில் பாட்டு வந்தால்கூட அடுப்படியில் ஏதாவது வேலை தேடிக்கொண்டாள். பல மாதம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்: "பாட்டு வேணுமுங்க எனக்கு. ஆனா மூட்டையாட்ட போயி எறங்கற எடத்துல வேண்டாம்."

எதற்கும் உடனே பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அவளும் அவர் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருக்கப் பழகியவள். இந்த முறை பதில் பலகையாக வந்தது. நல்ல மரம் எடுத்து இழைத்து, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, சக்கரம் வழுவி விழாமல் ஓரங்களில் சட்டம் அடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பவுண்டரி பூட்டிக் கிடக்கும்போது, ஆபீஸ் படியில் அதைச் சாய்த்து அவள் ஏறிப் பழகினாள். பாதி ஏறிப் பின்னால் சறுக்கி வந்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. அவர் உள்ளே பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். ஒரு வரிகூட மனதில் ஏறாது. வாசலில் சக்கரத்தின் சத்தம் எங்கே நிற்கிறது என்பதிலேயே காது இருக்கும்.

"வாங்கண்ணா, வாங்கக்கா." சபாவின் காரியதரிசி ரங்கராஜ் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "ஏனுங்கண்ணா, அண்டாவுக்குன்னே அளவெடுத்து அனுப்புன மாதிரி பலகைங்க. பெரிய ஒத்தாசை."

"அது வந்து... படிக்குங்க. இவ ஏறி வாரதுக்கு."

"அட, அதுக்கெதுக்குங்க பலகை? நாங்க இத்தன பேரு இருக்கமில்லீங்க. சாமி சப்பரமாட்டத் தூக்கிட்டுப் போயிர மாட்டமா?"

அவன் கை காட்டியதும் நாலு பேர் தம்ளரை வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்பது, பந்தியில் சோறு விழுந்த பிறகு இலையை விட்டு எழுந்திருப்பதுபோல. போகிற வீட்டிலெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் காப்பி குடித்துக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் அவர். நாற்காலியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ராமாமணி தூக்கியவர்களைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கீரை ஆய்ந்த அன்றைக்கு அவரைப் பார்த்தாளே, அதே பார்வை.

"எறக்கி வையுங்க," என்றார் கோவிந்தராஜுலு. அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. அவளே ஏறிக்குவா. அண்டாவத்தான் எறக்கோணும்."

ரங்கராஜின் முகம் சுருங்கியது. "கோவமுங்களாண்ணா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. தூக்க வேண்டாம், அவ்வளவுதான்."

"சப்பரத்துல போறளவுக்கு நான் நல்லவ இல்லீங்க தம்பி," என்றாள் ராமாமணி. "எங்கூட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளைத் தூக்க வந்த நாலு பேரும் போய் அண்டாக்களைத் தூக்கினார்கள். பலகையெல்லாம் வெல்லப் பிசுக்கு. ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இன்னொருவர் சக்கரம் வழுக்குமே என்று இடுப்புத் துண்டை அவிழ்த்துத் துடைத்தார். படிமேல் சாய்த்தபோது பலகைகள் வாசலை அடைத்துக்கொண்டு பாதை வரைக்கும் நீண்டன. தலைமை தாங்க வந்த மில் முதலாளியின் பிளைமவுத் கார் அவற்றுக்குப் பின்னால் வந்து ஒருமுறை ஹாரன் அடித்தது. ரங்கராஜ் ஓடிப்போய் ஜன்னலில் குனிந்து என்னவோ சொன்னான். எஞ்சின் அணைந்தது.

ராமாமணி முந்தானையைச் செருகிக்கொண்டு சக்கரங்களை உந்தினாள். இரும்புப் பட்டை முனகியது. கோவிந்தராஜுலு பின்னாலேயே ஏறினார், இரண்டு கைகளையும் விரித்து, நாற்காலியில் படாமல்.

பாதி ஏறியதும் சக்கரங்கள் நின்றுவிட்டன. அவர் ஒரு எட்டு நெருங்கினார். "அம்மணி, முடியலையா?"

"இருங்க," என்றாள் மெதுவாக. "பைரவி."

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. உள்ளே பாடகர் பைரவி ராக ஆலாபனையைத் தொடங்கியிருந்தார். கீழே கார்க் கதவைத் திறந்து இறங்கிய முதலாளி, பானகத் தம்ளரோடு நின்றவர்கள், ரங்கராஜ் எல்லோரும் பலகையின் அடியில் காத்திருந்தார்கள். அவள் சக்கரங்களை இறுகப் பிடித்தபடி அந்தச் சரிவிலேயே தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராகம் ஏறி இறங்கும்போதெல்லாம் நாற்காலி நூலளவு முன்னே போய் நூலளவு பின்னே வந்தது. அவருடைய விரிந்த கைகளும் காற்றில் அதோடு போய் வந்தன.