புகைக்கூட்டுச் சப்பாத்து

என் கணவர் ஆனந்தராஜா, அறுபது வீடும் ஒரு தேவாலயமும் மட்டுமே உள்ள ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய தபாற்கந்தோர்க் கடையை வாங்கியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குக் கோயிலும் தமிழ்க் கடையும் பக்கத்திலேயே இருக்க, முந்நூறு வருசத்துக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழ எங்களுக்கென்ன தலையெழுத்தா? சனி ஞாயிறுகளில் போய்த் திருத்த வேலை பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிவிடுவோம்.

மூன்றாவது கிழமை, அடுப்புக்கு மேலே அடைத்துக் கிடந்த புகைக்கூட்டை இவர் இடித்தார். உள்ளே ஒரு கல்லிடுக்கில், வைக்கோலுக்கு நடுவே, ஒரு காலுக்கு மட்டுமான தோல் சப்பாத்து இருந்தது. கறுத்துக் காய்ந்து, என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடை பழகும் பிள்ளையுடையது.

மகள் லக்‌ஷிகாவுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. இப்போது ஐந்து மாதம். பிள்ளையின் சப்பாத்தைச் சுவருக்குள் ஒளித்துவைப்பது செய்வினை இல்லாமல் வேறென்ன? யார் செய்தது என்பதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இதே கடைக்கு ஆசைப்பட்ட இவரின் சவுத்தால் மச்சான், போன மாதம்தான் அங்கே லட்டுப் பெட்டியோடு வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போனான். சப்பாத்தில் படிந்திருந்த கரிக்கு எத்தனை வயது என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. பயம் வந்தால் என் மூளை வேலை செய்யாது என்று இவர் சொல்வது பொய்யில்லை.

இவர் சிரித்தார். நான் அதைத் துணியில் சுற்றி எட்மண்டனுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் நடுப்பகலில் லீ ஆற்றுப் பாலத்தில் நின்று, லக்‌ஷிகாவின் பெயரைச் சொல்லி, தோளுக்கு மேலால் பின்பக்கமாக எறிந்தேன். இப்படிச் செய்வினை கழித்து எறிந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமலே வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். மனம் லேசாக இருந்தது.

வியாழக்கிழமை, இவர் கொடுத்திருந்த விலாசத்தோடு எங்கள் எட்மண்டன் வீட்டு வாசலில் லெஸ்லி நின்றார். அந்தக் கிராமத்தின் சரித்திரத்தை முப்பது வருசமாக எழுதிக்கொண்டிருக்கும் எண்பது வயது மனுசி. நாங்கள் கடையைத் திறந்து பார்த்த முதல் நாளே ஜாம் போத்தலோடு வந்தவர். புகைக்கூடு இடிபட்டதைக் கேள்விப்பட்டு, இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். தேநீரைத் தொடவில்லை. உள்ளே ஒரு சப்பாத்து இருந்ததா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு, கல்லும் கரியும்தான் இருந்தது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டன.

லெஸ்லி பையிலிருந்து, தான் சரித்திரம் எழுதிவரும் கொப்பியை எடுத்தார். நூறு வருசத்துக்கு முன் அந்தப் புகைக்கூட்டைத் திருத்தியவர்கள் சப்பாத்தைக் கண்டு, தொடாமல் மூடிவிட்டதை அன்றைய பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் நூறு வருசத்துக்கு முந்தைய பதிவேட்டில், அந்த வீட்டில் இருந்த ஹன்னா என்பவளின் மூன்று பிள்ளைகள் காய்ச்சலில் செத்தது இருக்கிறது. கடைசியாகச் செத்த பிள்ளையின் சப்பாத்தைத்தான் ஹன்னா அங்கே வைத்தாளாம். கெட்டது எதுவும் புகைக்கூட்டால் இறங்கி வந்து, அடுத்துப் பிறக்கும் பிள்ளையைத் தொடாமல் இருக்க. அந்தக் காலத்தில் இங்கிலாந்துச் சனங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாம்.

"நாலாவது பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் வழியில் வந்தவள்தான் நான்" என்றார் லெஸ்லி.

எனக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. பிள்ளையைக் காக்க ஒரு தாய் வைத்ததை, என் பிள்ளையைக் காக்கிறேன் என்று பிடுங்கி எறிந்திருக்கிறேன். இருநூறு வருசம் யாரும் தொடாததை. ஐந்து மாதக் கர்ப்பிணியின் பெயரைச் சொல்லி.

இவர் என் பக்கம் குனிந்தார். "நீர் பேசாமல் இரும். நான் சமாளிக்கிறன்."

"ஏலாது" என்றேன்.

லெஸ்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லட்டுப் பெட்டியைக்கூட விடவில்லை. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. ஹன்னாவின் பிள்ளைகளுக்குக் கல்லறைக் கல்கூட இல்லை, கையால் தொடக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு இடத்தைக் காட்டச் சொன்னார்.

பாலத்தில் நான் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார். கம்பியைப் பிடித்தபடி கலங்கல் தண்ணீரை எட்டிப் பார்த்தார். நான் அழுதேன், வெட்கப்படாமல்தான் அழுதேன்.

"உடனே மூழ்கியதா, கொஞ்ச நேரமாவது மிதந்ததா?" என்று கேட்டார். கொப்பி அவர் கையில் திறந்திருந்தது. ஹன்னாவின் பக்கம். கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

மிதந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுசிக்கு அதுவாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை" என்றேன்.

லெஸ்லி என் முழுப் பெயரைக் கேட்டார். செல்வமலர் ஆனந்தராஜா என்றேன். அதை எழுதி, நான் சொன்னதையும் அப்படியே அதன் கீழே எழுதினார்.