கட்டிலுக்கு அடியில் ஒரு வழி

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் லாண்டி ஃபியரனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. கீழ் அறையிலேயே கட்டில் போட்டுத் தருகிறேன் என்று மனைவி டைனா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டாரா மனுஷன்? பிறந்த அறையில்தான் படுப்பேன் என்று, படிப்படியாக உட்கார்ந்து பின்பக்கமாகவே ஏறிப் போய்விட்டார். வீம்பு அவரை மேலே ஏற்றிவிட்டது, இறக்கிவிடத்தான் அதற்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலையடிவாரத்தில் அந்தக் கல்வீடு முந்நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. ஜன்னல் விளிம்பில் ஆட்டுக்குட்டியைப் படுக்க வைக்கலாம், சுவர் அவ்வளவு கனம். படிக்கட்டு அந்தச் சுவரை ஒட்டியே சுழன்று ஏறும். ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் ஒன்றுமில்லாமல் ஒடுங்கி, மறுபக்கம் அரைப் பாதம் வைக்கிற அளவுக்கு விரியும். விறைத்த இடுப்போடு அதில் இறங்குவது நடக்கிற காரியமில்லை. கைப்பிடி பொருத்தலாம் என்றால், வீடு பாரம்பரியச் சின்னம். கல்லில் ஒரு துளை போடவும் அனுமதி வேண்டும்.

அதற்காக வந்த அதிகாரி மிஸ் ஹார்ட்லி நல்ல பெண்தான். டைனா கொடுத்த கேக்கைச் சாப்பிட்டாள், படிக்கட்டைத் தடவித் தடவி உருகினாள், இதைத் தொடவே கூடாது என்றாள். மேலே வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததும் அவள் முகம் இன்னும் மலர்ந்தது. அங்கே ஓர் ஆள் நீளத்துக்குத் தரைப் பலகை தனியாகக் கழன்று வரும். சவப்பெட்டி சுழல் படியில் திரும்பாது என்பதால் அந்தக் காலத்தில் செய்து வைத்த வழி. மேலே செத்தவர்களை, உத்தரத்து இரும்பு வளையத்தில் கயிறு கோத்து, அந்தத் திறப்பு வழியாகச் சமையலறை மேஜைமேல் இறக்குவார்கள். கால்தான் முதலில் வர வேண்டும். தலை முதலில் வந்தால் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிடுவார்களாம், பார்த்தால் போக மனசு வராதாம். லாண்டியின் அப்பா அப்படித்தான் போனார். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவர் லாண்டி.

இப்போது அந்தப் பலகைக்கு மேலேயே அவர் படுத்திருந்தார். படுத்திருந்தார் என்று சொல்வதே தப்பு. ஊன்றுகோலோடு ஜன்னலுக்குப் போவார், திரும்புவார், மறுபடி போவார். முற்றத்தில் ஆடு கத்தினால் எது கத்துகிறது, ஏன் கத்துகிறது என்று கீழே குரல் கொடுப்பார். பதில் சொல்ல டைனா படியேற வேண்டும். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன.

மகள் ரூத் டவுனில் படியே இல்லாத வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழே வந்து கீழேயே இருந்துகொண்டால் சரி. இல்லாவிட்டால் தீயணைப்பு ஆட்களை வைத்து இறக்கி, இரண்டு பேரையும் அப்படியே டவுனுக்குக் கூட்டிப் போய்விடுவேன், பண்ணையையும் மந்தையையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். டைனாவும் தலையாட்டிவிட்டாள். லாண்டி ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த மலையை விட்டு எங்கே போய் மூச்சு விடுவது?

"படியில முடியலன்னா பலகை வழியா இறங்கு," என்றாள் டைனா. "பக்கத்துப் பண்ணை ரோலண்டைக் கூப்பிடறேன். நாற்காலில கட்டி இறக்கிடுவான்."

"அது செத்தவன் போற வழிடி."

"நீ உயிரோட இருக்கற லட்சணத்துக்கு அந்த வழிக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

லாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பயம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதில் ஒரு தடவை போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தேநீர் வருகிற நேரத்தில், படிக்கட்டில் கோப்பை உடைகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து கனமாக ஏதோ உருண்டது. டைனா என்று கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டார். கீழே நாய் மட்டும் குரைத்தது.

படி முகப்புக்குப் போய்ப் பார்த்தார். திருப்பத்தில் அவளுடைய ஒரு செருப்பு தெரிந்தது, அதற்குக் கீழே தெரியவில்லை. ஒரு படி இறங்கியதும் இடுப்பு மடங்க மறுத்தது. இன்னொரு படி வைத்தால் அவள் மேலேயே போய் விழுவார். ரோலண்ட் மலையில் ஆடு ஓட்டிக்கொண்டிருப்பான். டெலிபோன் கீழே இருந்தது.

லாண்டி யோசிக்கவில்லை. கட்டிலைத் தோளால் முட்டித் தள்ளினார். பலகையைப் பெயர்த்துப் போட்டார். சுவர் ஆணியில் தொங்கிய பழைய கயிற்றை எடுத்து, தலையில் இடிக்கிற உயரத்தில் இருந்த வளையத்தில் கட்டினார். திறப்பின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். கிடாய்களைக் கொம்பு பிடித்து நிறுத்திய கை அது. கயிறு உள்ளங்கையைப் பொசுக்க, அவர் காலை உணவுத் தட்டுகளுக்கு நடுவே மேஜைமேல் வந்து இறங்கினார். ஒரு கால் வெண்ணெயில் இருந்தது.

சமையலறை ஓரத்துப் படியடியில் டைனா நெற்றியில் ரத்தத்தோடு சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"மேலேருந்து காலு மொதல்ல வந்துதா," என்றாள் மெதுவாக, "நீதான் போயிட்டேன்னு நெனச்சேன்."

அவர் மேஜையிலிருந்து சரிந்து, தரையில் தவழ்ந்து போய் டெலிபோனை இழுத்தார். டாக்டரையும் ரோலண்டின் வீட்டையும் கூப்பிட்டார். பிறகு அவளிடம் போய்ச் சுவரோடு சாய்ந்து, அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். அழுவதை மறைக்கவும் இல்லை.

"கணுக்கால்தான் போச்சு. கத்தாத," என்றாள் டைனா. "ஆமா, இப்ப எப்படித் திரும்ப மேல போவ?"

"போகப் போறதில்ல. அந்த வழியில எனக்கு உள்ளது ஒரு தடவைதான். அது முடிஞ்சுது. இனிமே என்னைத் தூக்கறவன் வாசல் வழியாத்தான் தூக்கணும். நீயும் மேல ஏறாத."

"அப்ப மேல யாரு படுக்கறது?"

லாண்டி மேஜைக்கு மேலே திறந்து கிடந்த வழியை நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ் ஹார்ட்லி வந்து படுத்துக்கட்டும். அவளுக்குத்தான் அது ரொம்பப் பிடிச்சிருக்கு."