எட்டாவது பெட்டி

ஏழாவது டிரங்குப் பெட்டி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. வெண்மதி அதன்மேல் ஏறி உட்கார்ந்து கொக்கியை மாட்டினாள். ராணுவக்காரன் பெண்டாட்டியாக ஜோத்பூர், பட்டிண்டா என்று ஊர் ஊராய்ப் பெட்டி கட்டியவள். குக்கருக்குள் மிளகாய்த்தூள், டம்ளருக்குள் காலுறை என்று கை தானாக வேலை செய்யும். இந்த முறைதான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக் காலை லாரி வந்துவிடும்.

கணவன் சுதாகருக்கு மாஸ்கோ தூதரகத்தில் மூன்று வருஷ வேலை. மனைவி, பிள்ளைகளைத்தான் கூட்டிப்போகலாம். அப்பாவுக்கு அனுமதி இல்லை. "நீ பக்குவமா சொல்லிடு மதி" என்று டெல்லியிலிருந்து போனில் சொல்லிவிட்டு அவன் கழன்றுகொண்டான். நல்ல ஆள்! லடாக் பனியில் மூன்று வருஷம் கிடந்துவிட்டு வந்தவனுக்குப் பெற்ற தகப்பனிடம் வாய் திறக்கப் பயம். திருவதிகையில் இருக்கும் அவன் அக்கா ருக்குமணி, "ஒரு ஆளுக்கு சோறு போடறதுல இன்னா கொறஞ்சுடப் போவுது" என்று சம்மதித்திருந்தாள். அந்தப் பேச்சு வெண்மதிக்குச் சுருக்கென்றது. இருந்தும் வேறு போக்கிடம் ஏது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருபது நாளை ஓட்டிவிட்டாள்.

அவன் லடாக்கில் இருந்த மூன்று வருஷமும் இந்த மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில் அவளும் மாமனார் தனகோட்டியும்தான். அவளுக்கு டெங்கு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

பின்வாசலில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நிலக்கரி மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் பெயிண்டர். மலை மாதிரி நிற்கும் இயந்திரங்களில் சாரம் கட்டி ஏறி நம்பர் எழுதிய கை அது. மகனின் ராணுவ நம்பர், ரேங்க், பேர், அதன் கீழே பெட்டி எண். கறுப்புத் தகரத்தில் வெள்ளை எழுத்து அச்சடித்ததுபோல் நின்றது. காலையில் அவள்தான், "எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட்டுடுங்க மாமா" என்று சொல்லியிருந்தாள்.

ஏழாவதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் முதல் பெட்டியைப் பார்த்தாள். 1/8. அடுத்ததில் 2/8.

"மாமா, மொத்தம் ஏழுதானே?"

"ஏழு உன்னுது. என்னுதோட எட்டு" என்றார் தலை நிமிராமல். "மொத்தம் போடாம வுட்டா வழியில ஒண்ணு காணாப் போனாலும் தெரியாதும்மா."

துவைக்கிற கல்லை ஒட்டி அவருடைய பழைய பெட்டி புதுக் கறுப்புப் பூசி, 8/8 போட்டு நின்றது. திறந்திருந்தது. நான்கு வேட்டி, மூன்று மாதத்துக்கு பிரஷர் மாத்திரை, மாமியார் படம். மேலே விலைச்சீட்டுகூடக் கிழிக்காத குரங்குக் குல்லாய். இந்த வெயிலில் எந்தக் கடையில் தேடிப்பிடித்தாரோ!

"உங்களுக்கு பாஸ்போர்ட்டு..." என்று இழுத்தாள்.

"மிலிட்டரிலயே பாத்துப்பாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன். கார்டுலதான் என் பேரும் இருக்குதே. ஆஸ்பத்திரியில அதைக் காட்டித்தானே மாத்திரை வாங்கறோம்."

"அந்தக் கார்டு இங்க மட்டுந்தான் மாமா செல்லும். அங்க என்னை மட்டும்தான் கூட்டிகினு போவ முடியும். நீங்க... ருக்குமணி அண்ணி வூட்ல..."

பிரஷ் தகரத்தின்மேல் அப்படியே நின்றது. வெள்ளை ஒரு சொட்டு வழிந்தது. அவர் அதை விரலால் துடைத்தார்.

"ருக்குமணிக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"அவனுக்கு?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல."

கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது காலைப் பிடித்து அழுதிருப்பாள். அவர் கோபப்படவே இல்லை.

"தின்னர் டப்பாவை எடும்மா. தப்பா எழுதிட்டேன். காயறதுக்குள்ள தொடைக்கணும்."

"நீங்க எழுதினது தப்பில்ல மாமா. நான்தான்..."

"எடும்மா."

ஒவ்வொரு பெட்டியாக எட்டைத் துடைத்து ஏழு எழுதினார். தெருவில் ஷிப்ட் பஸ் போனது. தெர்மல் மின்நிலையச் சாம்பல் ஈர எழுத்தில் வந்து ஒட்ட, ஊதி ஊதி விட்டார். வெண்மதி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே போன் அடித்தது. சுதாகராகத்தான் இருக்கும். அவள் போகவில்லை.

கடைசியில் தன் பெட்டியிடம் வந்தார். ராணுவ நம்பர், ரேங்க், மகன் பேர், 8/8 எல்லாவற்றையும் துடைத்தார். குல்லாயை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மூடியைச் சாத்தினார். தகரத்தில் த. தனகோட்டி என்று எழுதினார். அதன் கீழே, திருவதிகை. பிரஷை மறுபடி தோய்த்தார். பிறகு, எழுதிப் பழகிய கை, அதற்கும் நம்பர் போட்டது. 1/1.