ஒன்பதாவது கட்டம்

கட்டம் போடுவது இசைவாணிக்குக் கைவந்த கலை. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்துக் கம்ப்யூட்டரில் ஆறு வருஷமாக அவள் போடாத கட்டமா? கோரல் டிராவில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று எண்ணைக் கொடுத்து மௌஸை இழுத்தால் ஒன்பது கட்டம் வந்து விழும். அன்றைக்கு அந்த மூன்றை அடிக்கத்தான் விரல் வரவில்லை.

"எட்டுப் பேருதான அண்ணாச்சி, நாலு நாலா ரெண்டு வரிசை போட்டுருதேன்" என்றாள்.

முதலாளி காளிராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல், "மூணுக்கு மூணு போடு தாயி. சதுரமா நிக்கும்" என்றார்.

சதுரமாம் சதுரம்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முந்தாநாள் மருந்து வெடித்து எட்டுப் பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். அவர்களுக்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இது. அதே அறையில் இருந்த ஒன்பதாவது ஆள் இசைவாணியின் அக்கா பொன்மணி. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தீக்காய வார்டில் துணைக்கு ஒரு ஆள்தான் என்று மச்சானை மட்டும் வைத்துக்கொண்டு இவளை அனுப்பிவிட்டார்கள். மச்சானிடம் இருப்பது அச்சகத்துப் போன் நம்பர். அதனால்தான் வேலைக்கு வந்து போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறாள்?

போஸ்டர் அடிக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் சார்பில் வந்திருந்த சண்முகவேல் கொண்டுவந்து கொடுத்தது ஒரே ஒரு போட்டோ. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது ஒன்பது பேரும் சேர்ந்து எடுத்தது. வேன் கிளம்புகிற நேரத்தில் எல்லாரையும் பிடித்து இழுத்து நிற்க வைத்து, தான் நடுவில் நின்றுகொண்டவள் பொன்மணி. இசைவாணி போட்டோஷாப்பில் ஒவ்வொரு முகமாகச் சதுரம் போட்டு எடுத்துக் கட்டத்தில் வைத்துக்கொண்டே வந்தாள். எப்போதும் நகல்தான் எடுப்பாள். இன்றைக்குக் கை தடுமாறி வெட்டியே எடுத்துவிட்டிருக்கிறது. எட்டு வெள்ளைச் சதுரங்களுக்கு நடுவே அக்கா மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலியாக நின்ற நடுக்கட்டத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்தாள். "முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. அச்சுக்குப் பிலிம் எடுக்க அனுப்பிருவமா?"

காளிராஜ் திரையைப் பார்த்தார். வாசலில் நின்ற சண்முகவேலைப் பார்த்தார்.

"சாயங்காலம் அனுப்புவோம்."

"காலையில அம்புட்டு அவசரம்னீகளே?"

"இருக்கட்டும்த்தா" என்றார் சண்முகவேல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. "அந்த வெளக்கு மட்டும் எடுக்கிறாப்புல இருக்கட்டும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. கோபப்படக்கூட ஒரு ஆள் இல்லை. எங்க அக்கா பொழச்சுக்கிடுவா என்று கத்த வாயெடுத்தாள்.

போன் அடித்தது. பக்கத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை.

இசைவாணி அவசர அவசரமாகப் போட்டோவை மூடினாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். மறுபடியும் திறந்தாள். இருக்கன்குடி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்பது பேரும் சிரித்தபடி நின்றார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.