திமிங்கிலத்துக்கு ஏற்றிய திரி

வடசென்னைக் கடற்கரையில் ஐப்பசித் திங்களின் மாலைப்பொழுது இறங்கும் வகையே தனி. தெற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கழுத்து நீண்ட நாரைகளைப்போல் வானைக் கொத்திக்கொண்டு நிற்க, வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஞாயிறு மறைவதற்குள் அதனையும் கரியாக்கிவிடும் முனைப்போடு மூச்சுவிட, இடைப்பட்ட திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டகம் சுமந்த வண்டிகள், முன்வண்டி நகர்வதற்குள் பின்வண்டி ஓட்டுநருக்குத் தாடி முளைத்துவிடும் விரைவில் ஊர்ந்துகொண்டிருக்கும். காசிமேட்டில் உலரும் மீனின் மணமோ, அன்பரே, அவ்வழியே செல்லும் காகம் ஒரு சிறகால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுசிறகால் மட்டுமே பறக்கும் என்பர். கண்டவர் எவரையும் யாம் கண்டதில்லை, ஆயினும் மறுக்கத் துணியோம்.

இருபதாம் நூற்றாண்டு தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஆண்டில், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய மாலையில், இராயபுரத்து ஒடுங்கிய தெருவொன்றில் தேவப்பிரியம் தன் பாட்டனார் சவரிமுத்துவின் தகரப்பெட்டியைத் திறந்தாள். இறால் உரிக்கும் ஆலையில் பனிக்கட்டியோடு நாளெல்லாம் பழகி விரல்நுனி மரத்துப்போன அப்பெண் தேடியது மெழுகுதிரிகளையே. திருநாளுக்கு வேண்டிய திரிகளை, பின்னால் விலையேறிவிடும் என்று தவக்காலத்திலேயே வாங்கி, எலி கடியாமல் பூட்டிவைப்பது கிழவரின் வழக்கம். இவ்வாண்டும் அவ்வாறே வாங்கி வைத்துவிட்டு, அவற்றில் ஒன்று தமக்கே ஏற்றப்படும் என்பதை அறியாமல், ஆடிக் காற்றோடு அவர் போய்விட்டிருந்தார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த சவரிமுத்து, பொய் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். கலங்கரை விளக்கம் அணைந்துபோன இரவொன்றில் தம் சுருட்டின் நெருப்பைக் காட்டியே மூன்று கப்பல்களைக் கரைசேர்த்ததாக அவர் சொல்லுங்கால், முகத்தில் ஒரு தசையும் அசையாது. கேட்பவர் சிரித்தால், மனம் நொந்தவரைப்போல் பார்ப்பார். அத்தகையவருடைய பெட்டியில், திரிக்கட்டின் அடியில், துருவேறிய மூக்குப்பொடிச் சிமிழ் ஒன்று இருந்தது. உள்ளே எட்டாக மடித்த மடல். மடிப்புகள் தேய்ந்து, மை பழுப்பேறி, தொட்டால் உதிரும் சருகுபோல் இருந்த அத்தாளைத் தேவப்பிரியம் விளக்கினடியில் விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். முடித்தபின், பெட்டியின் விளிம்பிலேயே அமர்ந்துவிட்டாள்.

உலகப்போர் வங்கக் கடலுக்குள் புகுந்த ஆண்டில் எழுதப்பட்ட மடல் அது. சவரிமுத்துவின் தங்கையை மணந்த அருளப்பன் என்னும் இளைஞன், கப்பலின் அடித்தட்டில் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் வேலைக்குப் போயிருந்தான். சென்னைமேல் குண்டு விழும் என்ற அச்சத்தில் நகரமே கதவைச் சாத்திக்கொண்டு ஓடியபோது, நிறைசூலியாயிருந்த தங்கையைப் பொன்னேரிப் பக்கம் வண்டியேற்றி அனுப்பிவிட்டு, ஆளற்ற தெருவில் சவரிமுத்து தனித்திருந்தார். அவ்வெறுந்தெருவில் வந்து சேர்ந்தது, அருளப்பனோடு வேலைசெய்த லட்சுமணன் என்பவன் மருத்துவமனையில் கிடந்தபடி எழுதிய செய்தி: அருளப்பன் இறந்தான்.

பிள்ளைபெறப் போகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? கப்பல் தொலைவு போயிருக்கிறது என்றார் சவரிமுத்து. அவ்வொரு பொய்யைத் தலைக்கு வைத்துக்கொண்டே தங்கை பெண்ணொன்றைப் பெற்றாள். அதை நம்பியபடியே மூன்றாம் மாதம் காய்ச்சலில் கண்மூடினாள். பின்னாளில் தேவப்பிரியம் அத்தை என்றழைக்கும் அக்குழந்தைக்குச் சிலுவையம்மாள் என்று பெயரிட்டுத் தாய்மாமனே வளர்த்தார். ஐந்து வயதில், தன் அப்பன் எங்கே என்று அது கேட்டபோது, மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கப்பல் உடைந்ததாம், நீந்திய அருளப்பனைத் திமிங்கிலம் ஒன்று விழுங்கிற்றாம், பழக்கத்தால் அவன் அதன் வயிற்றிலும் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைக்க, புகை தாளாமல் அது தும்மியதாம், தும்மிய விரைவில் அவன் போய் விழுந்த தீவில் மன்னன் இறந்து மூன்று நாளாகியிருந்ததாம். முடி சூட்டிவிட்டார்கள், இறங்கி வர விடுவதில்லை. குழந்தை கைதட்டிச் சிரித்தது. ஆண்டுக்கு ஆண்டு தீவு வளர்ந்தது, அரண்மனைக்கு மாடிகள் ஏறின.

ஆனால், அன்பரே, குழந்தைகள் வளர்வதைப் பொய்யர்கள் கணக்கில் கொள்வதில்லை. பன்னிரண்டு வயதில் சிலுவையம்மாள் திமிங்கிலத்தை விட்டொழித்தாள். பதினைந்தில் தீவை விட்டாள். பலாவின் முள்ளையும் சடையையும் நீக்கியபின் சுளை எஞ்சுவதுபோல் அவளிடம் எஞ்சியது ஒன்றே: அப்பன் எங்கோ உயிரோடு இருக்கிறான், வேறொருத்தியோடு இருக்கிறான், வர மனமில்லை. மாமன் இரக்கத்தால் அதைத் தீவு என்கிறார். அவளுடைய திருமணத்தன்று அப்பனுக்கென்று போட்ட ஒரு நாற்காலி வாயிலைப் பார்த்தபடி வெறுமையாய்க் கிடந்தது. மறுநாள் அதை விறகாக்கினாள். அன்றுமுதல் ஐம்பத்தேழு வயதான இன்றுவரை, காசிமேட்டில் மீன்கூடை முன்னமர்ந்து ஆணும் பெண்ணும் அஞ்சும் வாயோடு வணிகம் செய்யும் அவள், அப்பனைப்பற்றிப் பேசிய எவரையும் சும்மா விட்டதில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த தேவப்பிரியத்தின் நெஞ்சை அறுத்தது வேறொன்று. கல்லறைத் திருநாள்தோறும், இறந்த உறவினர்க்கெல்லாம் ஏற்றியபின், கிழவர் ஒரு திரியை மிகையாக எடுத்துச்சென்று, கடலைப் பார்த்த கிழக்கு மதிலடியில் ஏற்றுவார். யாருக்கு என்று சிலுவையம்மாள் கேட்டால், "உன் நைனாவை முழுங்கிச்சே, அந்தத் திமிங்கலத்துக்கு. தும்மினதுல சளி புடிச்சி செத்துப்பூட்ச்சி" என்பார், முகம் அசையாமல். அவள் தலையிலடித்துக்கொண்டு, குனிந்து ஒரே மூச்சில் அதை ஊதி அணைத்து, மின்வெட்டுக்கு ஆகும் என்று மீன்கூடையில் போட்டுக்கொள்வாள். ஆண்டுதோறும் இது நடந்தது. ஆண்டுதோறும் கிழவர் பேசாமல் நின்று கடலைப் பார்த்தார். அவர் பொய்களுக்குச் சிரித்த தேவப்பிரியம் இதற்கும் சிரித்திருக்கிறாள்.

சொல்வதா, விடுவதா? மாமன் தெய்வம், அப்பன் துரோகி என்னும் இரண்டு கட்டைகளின்மேல் நின்று மிதக்கும் ஒருத்தியின் காலடியில் எந்தக் கட்டையை உருவுவது? புதைத்த மண்ணில் இன்னும் புல் முளைக்காத பாட்டனாரைப் பொய்யர் என்று காட்டுவதா? இரவெல்லாம் புரண்ட அவள், விடிந்தபோதும் ஒன்றும் முடிவுசெய்தாளில்லை. மடலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மாலை கல்லறைத் தோட்டம் மக்களால் நிரம்பிற்று. பூவும் சாம்பிராணியும் மெழுகும் கலந்த மணத்தை, மதிலுக்கு அப்பாலிருந்து வந்த கருவாட்டு மணம் சற்றும் மதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தது. தாய்க்கு ஒன்றும் மாமனுக்கு ஒன்றும் ஏற்றி, மூக்கைச் சிந்தி நிமிர்ந்த சிலுவையம்மாள், தேவப்பிரியத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு வாரத்து வவ்வாலு மீனு மாரி கீது? ராவுல தூங்கலியா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

பாட்டனார் செய்ததைத் தான் செய்யாவிட்டால் யார் செய்வார் என்ற ஒரே எண்ணத்தோடு, தேவப்பிரியம் மதிலடிக்குச் சென்று மிகைத்திரியை ஊன்றி ஏற்றினாள். பின்னாலேயே வந்த சிலுவையம்மாள் உரக்கச் சிரித்தாள்.

"அடிப்பாவி! கெயவன் பூட்டாரு, திமிங்கலம் மட்டும் இன்னும் போவலியா? கூடையில போடு, கரண்டு போனா ஆவும்." சொல்லிக்கொண்டே குனிந்து, உதடுகளைக் குவித்தாள்.

"ஊதாத அத்தை!"

அக்குரல் சிலுவையம்மாளின் மூச்சைப் பாதியில் நிறுத்திற்று. தேவப்பிரியம் அவள் கையைப் பற்றியிருந்தாள்.

"அது திமிங்கலத்துக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

தேவப்பிரியம் மடலை எடுத்தாள். எழுத்தறியாத சிலுவையம்மாள் அத்தாளைக் கண்டதும் எதையோ மோப்பம் பிடித்தவள்போல் மதிலில் சாய்ந்து, "படி" என்றாள்.

"சவரிமுத்து அண்ணனுக்கு லட்சுமணன் எழுதுவது. உங்கள் பெரிய பண்டிகைக்கு மறுநாள் வானத்திலிருந்து குண்டு போட்டார்கள். நான் மேல்தட்டில் இருந்ததால் கடலில் விழுந்து பிழைத்தேன். நம் அருளப்பன் கீழே கரி அள்ளிக்கொண்டிருந்தான். கீழே இருந்தவர் யாரும் ஏறி வரவில்லை. அன்று காலைகூடப் பிள்ளையைப் பற்றியே பேசினான். பெண் பிறந்தால் என் அம்மா பெயர்தான், சிலுவை என்றான். கரை இறங்கினால் உடனே தூக்க மாட்டேன், இந்தக் கரி போக ஒரு மாதம் கை கழுவ வேண்டும், அதுவரை தள்ளி நின்று பார்ப்பேன் என்று சிரித்தான். தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லவும்."

சிலுவையம்மாள் அழுதாளில்லை. செதிலும் உப்பும் ஊறிய தன் உள்ளங்கைகளை விரித்து, பிறர் கைகளைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தாள்.

"கை கய்வணும்னாரா?"

"ஆமா அத்தை."

"நான் பொறக்கசொல்லவே அவுரு இல்ல?"

"இல்ல அத்தை."

அவள் மெல்லத் திரும்பி, மாமனின் புதுமேட்டைப் பார்த்தாள். மீன்சந்தையில் ஒருவரும் கேட்டறியாத தாழ்ந்த குரலில் பேசினாள். "யோவ் மாமா, எத்தினி பொய்யி சொன்னே! மன்சன் செத்துட்டான்னு ஒரே ஒரு நெசத்த சொல்லியிருந்தா ஆவாதா? அத்தக் கேட்டு அன்னிக்கே அய்து முட்சிருப்பேனே. உயிரோட வெச்சியே, நான் இன்னா திட்டு திட்னேன்... நாக்கு அழுகிப்பூடும்யா, அப்டி திட்னேன்."

தேவப்பிரியம் தோளைத் தொட்டாள். அவள் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

"வருசா வருசம் ஏத்திவெச்சாரு. நான் வருசா வருசம் ஊதிக்கினே வந்தேன். என் வாயாலயே... பாத்துக்கினு சும்மா நின்னாரேடி!"

அவ்வேளை கடற்காற்று ஒருமுறை திரும்பிற்று. மதிலடித் திரி படபடத்து அணைந்தது. கருந்திரியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. சிலுவையம்மாள் மண்ணில் தொப்பென்று அமர்ந்து, தீப்பெட்டியைப் பறித்து மீண்டும் ஏற்றினாள். மீண்டும் அணைந்தது. மீண்டும் ஏற்றி, மீன்மணம் வீசும் இரு கைகளையும் அதைச் சுற்றிக் கூடாக்கி, முதுகைக் கடலுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். மெழுகு உருகி விரல்மேல் வழிந்தபோதும் கையை எடுத்தாளில்லை.

"நீ போடி. எரிஞ்சி முடியட்டும், வரேன்."

தேவப்பிரியம் போகவில்லை, ஆனால் அருகிலும் அமரவில்லை. தள்ளி நின்று பார்த்தாள். கூட்டம் கலைந்தது. தோட்டத்துத் திரிகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. வடக்கே புகைபோக்கிகளின் உச்சியில் செவ்விளக்குகள் எரியத் தொடங்கின.

அன்பினால் சொன்ன பொய்யும் பொய்யே. அது ஒருவரைக் காக்க எழுந்து, மற்றொருவரைக் கொல்லாமல் அடங்குவதில்லை. இருப்பவள் துன்புறாமலிருக்க, இறந்தவன் இரண்டாம்முறையும் இறந்தான். ஆண்டுதோறும் தன் மகளின் மூச்சாலேயே இருளடைந்தான். அருளப்பனுக்குக் கரை கிட்டவில்லை, கல்லறை கிட்டவில்லை. கை கழுவும் அவ்வொரு மாதமும் கிட்டவில்லை. கழுவாத இரு கைகளுக்கு நடுவே, விரல்நுனி உயரத்தில், ஒரு சுடர் மட்டும் அன்று முதன்முறையாக அடிவரை எரிந்தது.