நட்டை மறந்த பைப்

எதையும் கையால் தொட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் ஜீப்பில் பிரேக் பைப் ஒழுகி, மலைமேல் கவுஞ்சியில் மெக்கானிக் கலைமணியின் பட்டறையில் நிறுத்தியிருந்த அன்று அந்தக் குணமே வினையானது. மகள் சௌம்யா மறுநாள் காலைக்குள் பழனியில் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள். பெட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால பஸ்ஸும் போய்விட்டது.

கலைமணி பைப் முனையை விரிக்கும் புதுக் கை மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். பைப்பைக் கவ்விக்கொண்டு முதல் அச்சு முனையை உப்ப வைக்கும். அடுத்து வரும் கூம்பு, உப்பிய விளிம்பை உள்ளே மடித்து விரிக்கும்.

“ரெண்டு மடிப்பு எதுக்கு? ஒண்ணு பத்தாதா?” என்றேன்.

“ஒத்தையா இருந்தா பிரேக் மிதிக்கையில கிழிஞ்சிரும்ணே.”

ஒரு முனையை அவள் முடித்தாள். மறுமுனையை நான் கெஞ்சி வாங்கினேன். அடடா, குட்டிப் புனல் மாதிரி என்ன அழகாக விரிந்தது!

“பாத்தியா!” என்றேன்.

அவள் மேஜையைப் பார்த்தாள். அங்கே பைப்பை இறுக்கிப் பிடிக்கும் நட் கிடந்தது. விரித்த முனையில் நட் நுழையாது. முதலிலேயே கோத்திருக்க வேண்டும்.

“போச்சு. இருந்ததே இந்த ஒரு பைப்புத்தேன்.”

சௌம்யா பெட்டியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

விரித்த முனையை ஓர் அங்குலம் வெட்டினோம். வளைவை நிமிர்த்தினால் எட்டும். இன்னொரு தடவை வெட்டினால் எட்டாது. மெஷினைக் கலைமணியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“கெடுத்தவுகளே சரி பண்ணணும், இங்க அதான் வழக்கம். மொதல்ல நட்டைப் போடுங்க.”

போட்டேன். நுழைந்திருக்கிறதா என்று இரண்டு முறை தடவிப் பார்த்தேன். எப்படியோ முடித்தேன். அவள் பொருத்தி, பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தாள். மிதித்துப் பார்த்தேன், பிரேக் கல் மாதிரி நின்றது.

ஆனாலும் என் கைவேலையை நம்பி என் பிள்ளையை ஏற்ற மனசு வரவில்லை. அவளை இறக்கிவிட்டு, கீழே இறக்கத்தில் தனியாகப் போய் வந்தேன். மறுபடியும் போய் வந்தேன். மூன்றாவது தடவை திரும்பியதும் சௌம்யா ஜீப்புக்கு அடியில் நுழைந்து, பைப்பைத் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

“சொட்டு ஒழுகலப்பா,” என்று காய்ந்த விரலைக் காட்டினாள். “இன்னொரு தடவை தனியாப் போனீங்க, நான் நடந்தே பழனிக்குப் போயிருவேன்.”

பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு, என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்க எனக்கு வெகு நேரமானது.