ஒன்பதாவது ஷரத்து

தையல்காரர்களுக்கு மாரிக்கண்ணன் கடிதமெல்லாம் கொடுப்பதில்லை. "நாளைக்கு வா" என்பார், வருவார்கள். "நாளைக்கு வராத" என்பார், போய்விடுவார்கள். தாராவி நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் அவருடைய தோல்பைப் பட்டறை மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. அதில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் கணக்குப்பிள்ளையையும் சேர்த்து நான்கே பேர். ஆகவே அன்று காலை அவர் வெங்கடராமனை அறைக்குள் கூப்பிட்டு, "சாமி, ஒரு பொம்பளைக்கு ஆஃபர் லெட்டர் எழுதணும்" என்றபோது வெங்கடராமன் குறிப்பு நோட்டைப் பிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா கனமா இருக்கணும். லெட்டர்ஹெட்ல, ரெண்டு மூணு பக்கம். பெரிய கம்பெனில குடுப்பாம்லா, அந்த மாதிரி. வாங்குதவ வீட்டுல சட்டம் போட்டு மாட்டணும்."

"டெசிக்னேஷன் என்ன போடட்டும் சார்?"

"சாம்பிள் ரூம் மேனேஜர்."

அந்தப் பட்டறையில் சாம்பிள் ரூம் என்று ஒன்று கிடையாது. இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை இருந்தது. வெங்கடராமன் எழுதிக்கொண்டார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் பெரிய அதிகாரிகளுக்குச் செக்ரட்டரியாக இருந்தார். கம்பெனி மூடிய பிறகு எங்கும் வேலை கிடைக்காமல் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய ஆங்கிலத்தில் ஒரு கமா இடம் மாறியிருந்தது என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. இந்தச் சந்தில் அதைப் பார்க்கத் தெரிந்தவரும் யாரும் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

"பேர் இசக்கிசெல்வி. நம்ம சந்து கரீம் பாய் பட்டறையில சாம்பிள் பை போடுதா" என்றார் மாரிக்கண்ணன். "இன்னொண்ணு சாமி. அவ வந்து சேருததுக்கு முந்தி நாம நெனச்சா இந்த லெட்டர ரத்து பண்ணிரலாம்னு உள்ள ஒரு ஷரத்து இருக்கணும். ஆனா கண்ணுல படக் கூடாது."

வெங்கடராமன் பேனாவை நிறுத்தினார். "எடுத்துக்கப் போறேளா, இல்லையா சார்?"

"எடுப்பேன். எடுக்க வேண்டிய நேரத்துல எடுப்பேன்." மாரிக்கண்ணன் சிரித்தார். "ஆர்டர் குடுக்க ஜெர்மனிக்காரன் இருபதாம் தேதி வாரான். கரீம் பாய் சாம்பிளயும் பாப்பான், நம்ம சாம்பிளயும் பாப்பான். பாய்கிட்ட என்ன இருக்கு? நம்மகிட்ட இருக்க அதே மிஷினு, அதே தோலு. கூட இருக்கது இந்தப் பொம்பள ஒருத்திதான். இருபதாம் தேதி அவ அங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விசயம். பன்னெண்டாம் தேதி இங்க சேரணும்னு போடும்."

இதை என்னால் எழுத முடியாது என்று வெங்கடராமன் அப்போது சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் மேஜைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் படாத ஷரத்தை எப்படி எழுதுவது? கடைசியில் போட்டால் படிப்பார்கள். முதலில் போட்டாலும் படிப்பார்கள். லீவு பற்றிய எட்டாவது ஷரத்துக்கும் அடையாள அட்டை பற்றிய பத்தாவதுக்கும் நடுவில் வைத்தார். முந்தைய முதலாளியிடம் விசாரித்ததில் நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படாவிட்டால் இந்த நியமனம் செல்லாது என்பதை, எங்கேயும் 'ரத்து' என்ற சொல் வராமல், ஆறு வரி நீளத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதினார். நான்கு முறை திருத்தினார். ஐந்தாம் முறை படித்தபோது வெகுநாள் கழித்து ஒரு நல்ல வேலை செய்த நிறைவு உண்டானது. அன்று மத்தியானம் அவர் இரண்டாவது காபி வரவழைத்துக் குடித்தார்.

இசக்கிசெல்வி ஏழாம் தேதி வந்தாள். முப்பத்தேழு வயது. வலது கை ஆள்காட்டி விரலில் தோல் வெட்டும் கத்தி பட்ட பழைய தழும்புகள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூன்று பக்கத்தையும் மேஜையில் பரப்பிவைத்து, முதல் பக்கத்தில் தன் பேர் இருந்த இடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"கரீம் பாய்கிட்ட பன்னெண்டு வருசமா வேல பாக்கேன் சார். தங்கமான மனுசன். ஆனா பேப்பர்னு ஒண்ணு கிடையாது. டோம்பிவிலில ஒரு ரூம் கிச்சன் பாத்து வச்சிருக்கோம். பேங்க்ல போயி கேட்டா, சம்பளத்துக்கு லெட்டர் எங்கன்னு கேக்கான். எங்க வீட்டுக்காரரு டெம்போ ஓட்டுதாரு, அவருட்டயும் இல்ல. இதக் காட்டுனா குடுப்பாம்லா சார்?"

"தாராளமா குடுப்பா."

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். உதடு அசைய ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துக்கொண்டே வந்தாள். சம்பளம், வேலை நேரம், லீவு. ஒன்பதில் நின்றாள். விரலை அதன்மேல் வைத்துத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"இது என்ன சார், இவ்வளவு நீளமா போட்டிருக்கிய? வெரிஃபிகேஷன்னு வருது. முந்தின ஓனருன்னு வருது. பாய்ட்ட கேப்பியளோ?"

அவள் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள். அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே மாரிக்கண்ணன் மொபைலைப் பார்த்தபடி காதை இங்கே வைத்திருந்தார்.

"அது எல்லா லெட்டர்லயும் இருக்கும்மா" என்றார் வெங்கடராமன். "ஃபார்மாலிட்டி. எனக்கு வேலை குடுத்தப்பவும் போட்டிருந்தா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதேங்கோ."

அவள் உடனே விரலை எடுத்துவிட்டாள். "நீங்க படிச்சவுக. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். எழுந்தவள் தயங்கினாள்.

"சார், ஒரு பத்து நாள் தள்ளிப் போட முடியுமா? பாய்க்கு ஒரு பெரிய சாம்பிள் ஓடுது. ஏழு பையில நாலுதான் முடிச்சிருக்கேன். இருபதாம் தேதி முடிச்சுக் குடுத்துட்டு வந்தம்னா எனக்கும் மனசுக்கு நல்லா இருக்கும்."

"பன்னெண்டாம் தேதி சேரலேன்னா லெட்டர் செல்லாதும்மா."

அவள் கடிதத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடிக்காமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்தாம் தேதி அவள் கரீம் பாட்சாவிடம் சொல்லிக்கொண்டு விலகினாள். அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் சந்து முழுவதும் பரவிவிட்டது. பதினொன்றாம் தேதி காலையில் மாரிக்கண்ணன் வெங்கடராமனை அழைத்து, கரீம் பாட்சாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசச் சொன்னார்.

"கரீம் பாயா? நான் வெங்கடராமன் பேசறேன். இசக்கிசெல்வின்னு ஒரு பொண்ணு இங்கே வேலைக்கு வரா. எப்படி, நம்பிக்கையானவதானா? சும்மா ஒரு விசாரணை."

கரீம் பாட்சாவின் குரல் உடைந்து வந்தது. "நம்பிக்கையா? பன்னெண்டு வருசம் எங்க வீட்டுப் புள்ள மாதிரி வச்சிருந்தேன் ஐயரே. மூணு பையப் பாதியில போட்டுட்டுப் போயிட்டா. கழுத்த அறுத்துட்டுப் போயிட்டா. அவள நம்புதவன் உருப்பட மாட்டான். எழுதி வச்சுக்கிடும்!"

மாரிக்கண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். போனை வைத்ததும், "எழுதிக்கிடுமய்யா, அவரே சொல்லிட்டாருல்லா" என்று வாய்விட்டுச் சிரித்தார். வெங்கடராமனும் கொஞ்சம் சிரித்தார். முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமலிருந்து அவருக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டாம் தேதி ஒன்பது மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். புதுச் சேலை. பட்டறைப் பெண்களுக்குக் கொடுக்க ஒரு டப்பா பேடா. மாரிக்கண்ணன் அன்று பட்டறைக்கு வரவில்லை, வேண்டுமென்றேதான் வரவில்லை. வெங்கடராமன் ஒற்றைத் தாளை அவளிடம் நீட்டினார். அவள் அதை அடையாள அட்டைக்கான படிவம் என்று நினைத்துப் பேனா கேட்டாள்.

"அதில்லேம்மா. இது... உங்க நியமனம் நின்னு போச்சு. விசாரிச்சதுல கரீம் பாய் நல்லபடியா சொல்லலை. ஒன்பதாவது ஷரத்துப்படி..."

"பாய் கோவத்துல சொல்லியிருப்பாவ சார். எப்பவுமே அப்படித்தான், சாயங்காலம் சரியாயிரும். நீங்க எப்ப கேட்டிய?"

"நேத்து."

"நேத்தா?" அவள் பேடா டப்பாவை மேஜையில் வைத்தாள். "நான் போன மறுநா கேட்டா வேற எப்படிச் சொல்லுவாவ?"

அவள் ஒன்பதாவது ஷரத்து இருந்த பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது சும்மான்னு சொன்னியள்லா சார். நான் கேட்டேன்லா. இந்த வரியில விரல வச்சுக் கேட்டேன்லா." சத்தம் போடவில்லை. ஒரு கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று தேடுகிறவள் போலத் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வெங்கடராமன், "எனக்கு வேலை இருக்கும்மா" என்றார்.

அவள் நேராகக் கரீம் பாட்சாவிடம் போனாள். அவர் வாசலில் நின்றே பேசினார். முந்தின நாள் இரவே மாரிக்கண்ணன் அவள் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "ஏழாம் தேதி ஒப்பம் போட்டிருக்க. எட்டாம் தேதி எங்கூட உக்காந்து டீ குடிச்ச. ஒன்பதாம் தேதி உம் மகளுக்கு நோட்டு வாங்க என்கிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போன" என்றார் கரீம் பாட்சா. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ போயிரு தாயி." அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டார்.

இருபதாம் தேதி ஜெர்மனிக்காரன் வந்தான். கரீம் பாட்சாவின் மேஜையில் நான்கு பைகள் நன்றாக இருந்தன, மூன்று கோணலாக இருந்தன. ஆர்டர் மாரிக்கண்ணனுக்கு வந்தது. அடுத்த வாரமே கரீம் பாட்சா ஒரு மாடியைக் காலிசெய்தார். அதில் எட்டுப் பேருக்கு வேலை போனது. அவர்களில் சிலர் இசக்கிசெல்வியைத் தெருவில் கண்டால் காறித் துப்பினார்கள். வேறு பட்டறைகளில் அவள் போய்க் கேட்டாள். பாதியில் விட்டுப் போகிறவள் என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போயிருந்தது. டோம்பிவிலி வீடு வேறு யாருக்கோ கைமாறியது.

ஒரு மாதம் பொறுத்து மாரிக்கண்ணன் மறுபடியும் வெங்கடராமனைக் கூப்பிட்டார்.

"இப்ப எடுக்கலாம் சாமி. ஹெல்ப்பர்னு போடும். முந்திச் சொன்ன சம்பளத்துல பாதி. மூணு வருசம் வேற எங்கயும் போகக் கூடாது. பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் ஒரிஜினல் நம்மகிட்ட இருக்கணும், வரும்போதே கொண்டாரச் சொல்லும்."

"ஜெர்மன் ஆர்டர் சாம்பிள் எல்லாம் அவதானே பண்ணணும் சார்?"

"பின்ன நீரா பண்ணுவீரு?"

இந்தத் தடவை அந்தக் கடிதத்தை எழுத வெங்கடராமனுக்கு அரை நாள் பிடித்தது. எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதலாம். அதுதான் அவரை என்னவோ செய்தது. மறுநாள் காலையில் அவளிடம் என்ன சொல்வதென்ற முடிவோடுதான் கிளம்பி வந்தார்.

இசக்கிசெல்வி வந்தாள். மெலிந்திருந்தாள். மாரிக்கண்ணன் உள்ளே போனில் இருந்தார். வெங்கடராமன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இதுல கையெழுத்துப் போடாதேங்கோ. மூணு வருஷம் மாட்டிப்பேள். நெருள்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் புதுசா பட்டறை வெக்கறார். நான் உங்களைப் பத்திப் பேசியிருக்கேன். நேத்துக் கூடப் பேசினேன். சத்தியமா சொல்றேன், ரெண்டு நாள் பொறுங்கோ."

அவர் சொன்னது முழுக்க உண்மை. முந்தின நாள் மாலை நெருளுக்கு ரயிலேறிப் போய் அந்த மனிதரை நேரில் பார்த்துவிட்டே வந்திருந்தார்.

இசக்கிசெல்வி அவர் முகத்தை அசையாமல் பார்த்தாள். மேஜையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, திறந்திருந்த அறைக்குள் போனாள்.

"அண்ணாச்சி, ஐயர் சார் ஒப்பம் போடாதங்காரு. நெருள்ல வேல இருக்குங்காரு. இது என்ன புதுக் கத? இதயும் நீங்கதான் சொல்லச் சொன்னியளா? நான் மாட்டேன்னா அதையும் ஒரு பேப்பர்ல போட்டு ஊரெல்லாம் காட்டுவியளோ?"

மாரிக்கண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தார். கதவு வழியே வெங்கடராமனைப் பார்த்தார். வெங்கடராமன் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"அது ஐயருக்கு வயசாயிட்டுல்லா, அப்பப்ப என்னத்தயாவது பேசுவாரு" என்றார் மாரிக்கண்ணன். "நீ உக்காரு. பயப்படாத. நான் இருக்கேன்." அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "சாமி, அந்தப் புள்ளைக்கு ஒரு பேனா குடும்."

வெங்கடராமன் கொண்டுபோய்க் கொடுத்தார். "நான் ஒவ்வொரு ஷரத்தா தமிழ்ல சொல்லிடறேன் சார்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் இசக்கிசெல்வி. "எங்க ஒப்பம் போடணும், அத மட்டும் அண்ணாச்சி காட்டட்டும்."

மாரிக்கண்ணன் விரலால் காட்டினார். மூன்று இடத்தில் போட்டாள். தோள்பையிலிருந்து மார்க்‌ஷீட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, எந்த மேஜை என்று கேட்டாள்.

அதே வாரத்தில் வெங்கடராமனுடைய மேஜை தரைத்தளத்துக்கு, தோல் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனது. அவரை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கடிதங்களை இப்போது கணக்குப்பிள்ளை மொபைலில் தட்டித் தயாரிக்கிறான், ஏகப்பட்ட பிழைகளோடு. நெருள்காரர் இரண்டு முறை போன் செய்து அந்தப் பெண் எங்கே என்று விசாரித்தார். மூன்றாம் முறை செய்யவில்லை.

இசக்கிசெல்வி ஜன்னலோர மேஜையில் தினமும் பதினோரு மணி நேரம் நிற்கிறாள். ஜெர்மனிக்காரன் மறுபடி வந்தபோது அவள் வெட்டித் தைத்த பையைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டான். மாரிக்கண்ணன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அவள் தலையைத் தூக்காமல் அடுத்த தோலை விரித்தாள்.